அரசியல் உளவியல் கட்டுரை: முதலில் எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது?

கல்யாணத்துக்கு ஜாதகத்தை நாலு வீட்டுக்குக் கொடுத்து வைக்கலாம். ஆய்வுக் கட்டுரையை அப்படிக் கொடுக்க முடியாது. ஒரு சமயத்தில் ஒரே ஓர் ஆய்விதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கிருந்து 'வேண்டாம்' என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த கதவைத் தட்டலாம். அந்தப் பதில் ஒரு வாரத்திலும் வரும், எட்டு மாதம் கழித்தும் வரும். முதல் இதழைத் தப்பாகப் பிடித்துவிட்டால் உதவித்தொகைக் காலத்தில் ஒரு வருடம் அப்படியே கரைந்துவிடும்.

அரசியல் உளவியலில் இந்தத் தலைவலி கொஞ்சம் அதிகம். துறையே இரண்டு வீட்டுப் பிள்ளை. உளவியல்காரர்களுக்கு மனம் எப்படி வேலை செய்கிறது என்பது முக்கியம். தேர்தல் அதைப் பார்க்கக் கிடைத்த ஒரு ஜன்னல், அவ்வளவுதான். அரசியல் அறிவியல்காரர்களுக்குத் தேர்தல் முடிவும் ஆட்சியும் முக்கியம். மனம் அதற்கான காரணங்களில் ஒன்று. ஒரே கட்டுரையை இந்த இரண்டு வீட்டிலும் காட்டினால், ஒரு வீட்டில் 'கோட்பாடு எங்கே?' என்பார்கள், இன்னொரு வீட்டில் 'இதனால் ஓட்டு மாறியதா?' என்பார்கள்.

வெறுமனே இதழ்களின் பெயரை அடுக்கினால் ஒன்றும் விளங்காது. ஒரு கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம். ஓட்டுக்குப் பணம் வாங்கியவர்களின் மனக்கணக்கைப் பற்றி ஓர் ஆய்வு மாணவி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்த ஊர் நம்முடையது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் என்று பணப்பட்டுவாடாவுக்காகவே தேர்தல் ஆணையம் தேர்தலை நிறுத்திய இடங்களும் இங்கே உண்டு. ஆகவே பொருளுக்குப் பஞ்சமில்லை. மாணவியின் கேள்வி இது: பணம் வாங்கியவர் அந்தக் கட்சிக்கே போடுவது நன்றிக்கடனாலா, சத்தியத்துக்குப் பயந்தா, அல்லது 'அது நம்ம காசுதானே, வாங்கிக்கிட்டு நம்ம இஷ்டத்துக்குப் போடுவோம்' என்ற கணக்கா? முப்பத்தைந்து நேர்காணல்கள் எடுத்திருக்கிறார். அறுநூறு பேரிடம் ஒரு சிறிய சர்வேயும் நடத்தியிருக்கிறார்.

இந்தப் பொருளில் உலக அளவில் முன்னோடி ஆய்வுகள் உண்டு. நிகராகுவாவில் நடந்த ஆய்வொன்று 2012-ல் வெளியானது. 'ஓட்டுக்கு ஏதாவது வாங்கினீர்களா?' என்று நேராகக் கேட்டால் சுமார் 2 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள். அதையே சுற்றி வளைத்துக் கேட்டபோது, அதாவது ஒரு பட்டியலைக் கொடுத்து 'இதில் எத்தனை உங்களுக்கு நடந்தது, எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்' என்று கேட்டபோது, மதிப்பீடு 24 சதவீதத்தைத் தொட்டது. அதே ஆண்டு வந்த பராகுவே ஆய்வு, பணம் கொடுக்கும் இடைத்தரகர்கள் நன்றியுணர்வு அதிகமுள்ளவர்களாகப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்று காட்டியது. நம் மாணவி இவர்களோடுதான் பேச வேண்டும். எந்த மேடையில் ஏறிப் பேசுவது என்பதுதான் கேள்வி.

முதலில் எல்லோர் கண்ணும் போகிற இடம் 'பொலிட்டிகல் சைக்காலஜி'. 1978-ல் ஜீன் நட்சன் தொடங்கிய சர்வதேச அரசியல் உளவியல் சங்கத்தின் இதழ், 1979-லிருந்து வருகிறது, இப்போது வைலி வெளியிடுகிறது. துறையின் பெயரே இதழின் பெயர் என்பதால் இதில் ஒரு கட்டுரை வந்தால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆரம்ப காலத்தில் மனநல மருத்துவர்களும் வரலாற்றாசிரியர்களும் தலைவர்களின் ஆளுமையை அலசி எழுதிய கட்டுரைகள் அங்கே தாராளமாக இடம்பெற்றன. காலப்போக்கில் சர்வேயும் பரிசோதனையும் மேலே வந்துவிட்டன. நேர்காணல் கட்டுரைகள் அறவே வருவதில்லை என்று சொல்ல மாட்டேன், வருகின்றன. ஆனால் அந்த வாசலில் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: உன் ஊரைத் தாண்டி இது என்ன சொல்கிறது?

இந்தக் கேள்வி நியாயமானதுதான், ஆனால் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கப்படுவதில்லை என்பது என் மனக்குறை. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்களை வைத்து எழுதினால் தலைப்பில் 'அமெரிக்காவில்' என்று போட வேண்டியதில்லை. அது 'மனித மனம்'. நாம் எழுதினால் 'இந்தியாவிலிருந்து ஒரு சான்று' என்று வால் ஒட்ட வேண்டும். 2008-ல் ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் எண்ணிப் பார்த்துச் சொன்னார்: அமெரிக்க உளவியல் சங்கத்தின் முக்கியமான ஆறு ஆய்விதழ்களில் ஆராயப்பட்டவர்களில் 68 சதவீதம் பேர் அமெரிக்கர்கள், மேற்கத்திய தொழில்வள நாடுகளை எல்லாம் சேர்த்தால் 96 சதவீதம். நிலைமை அதற்குப் பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறது, பழக்கம் அவ்வளவாக மாறவில்லை. எனக்கே ஒருமுறை, பெயர் வேண்டாம், ஒரு பெரிய இதழிலிருந்து ஒன்பதே நாளில் கட்டுரை திரும்பி வந்தது. கட்டுரையைப் படித்து மதிப்பிடும் ரிவ்யூவர்களுக்கே போகவில்லை. 'எங்கள் வாசகர்களுக்கு இந்த ஒரு மாநிலத்தின் கதையில் ஆர்வம் இருக்காது' என்ற பொருளில் இரண்டு வரி. அன்று கோபம் வந்தது. பிறகு என் முன்னுரையை எடுத்துப் படித்தபோது, முதல் மூன்று பக்கமும் மாநிலத்தின் கதையாகவேதான் இருந்தது. குற்றம் பாதிப் பாதி.

ஆகவே நம் மாணவி அங்கே போக விரும்பினால் கட்டுரையைத் திருப்பிப் போட வேண்டும். திருமங்கலத்தில் தொடங்கக் கூடாது. 'நன்றியுணர்வு என்பது கொடுத்தவர்மீது வருகிறதா, கொடுத்த முறையின்மீது வருகிறதா' என்பது போன்ற ஒரு பொதுக் கேள்வியில் தொடங்கி, தமிழ்நாட்டை அதற்கான நல்ல சோதனைக்களமாகக் காட்ட வேண்டும். முடியாததில்லை. ஆனால் அப்படிச் செய்யும்போது சில விஷயங்கள் கையை விட்டுப் போகும். என்னென்ன போகும் என்பதை அடுத்த இதழோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

'ஜர்னல் ஆஃப் சோஷியல் அண்ட் பொலிட்டிகல் சைக்காலஜி', சுருக்கமாக ஜேஎஸ்பிபி, 2013-ல் கிறிஸ்டோஃபர் கோர்ஸ், ஜொஹான்னா வோல்ஹார்ட் இருவரையும் ஆசிரியர்களாகக் கொண்டு தொடங்கியது. ஜெர்மனியின் ட்ரியர் நகரிலுள்ள லைப்னிட்ஸ் உளவியல் நிறுவனத்தின் சைக்ஓப்பன் தளத்தில் வெளியாகிறது. இதில் இரண்டு சங்கதிகள் நமக்கு முக்கியம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். எழுதுகிறவரும் ஒரு பைசா கட்ட வேண்டாம். இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். ஓப்பன் ஆக்சஸ் என்றாலே ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இங்கே செலவை நிறுவனம் ஏற்கிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. சர்வே, பரிசோதனை, நேர்காணல், பேச்சுப் பகுப்பாய்வு என்று எந்த முறையையும் அது ஒதுக்குவதில்லை. சமூக நீதி சார்ந்த கேள்விகளை வெளிப்படையாகவே வரவேற்கிறது. நம் மாணவியின் நேர்காணல்களில் ஒரு பாட்டி 'செஞ்சோற்றுக் கடன்' என்ற சொல்லைச் சொல்கிறார் என்று வையுங்கள். இன்னொருவர் 'உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க, ஆனா இவன் போட்டது உப்பா?' என்று கேட்கிறார். இந்த இரண்டும் ஒன்றில்லை. முன்னது, தவறான பக்கம் என்று தெரிந்தும் கர்ணன் மாதிரி கூடவே நிற்கிற கடன். பின்னது, கொடுத்ததற்குக் கடன் என்று பெயர் வைக்கலாமா என்றே கேட்கிற கேள்வி. ஆங்கிலத்தில் இரண்டையும் 'ரெசிப்ராசிட்டி' என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுவார்கள். பராகுவே ஆய்வு அதைத்தான் அளந்தது. நம் மாணவி சொல்லவேண்டிய புதுச் செய்தி அந்த டப்பாவுக்குள் இரண்டு வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன என்பது. அதைச் சொல்ல நேர்காணல் வாசகங்கள் வேண்டும், தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்து விளக்க இடம் வேண்டும். ஜேஎஸ்பிபியில் அந்த இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். 'பொலிட்டிகல் சைக்காலஜி'க்காகத் திருப்பி எழுதும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தப் பாட்டியின் சொல்தான்.

குறை இல்லாமல் இல்லை. வயதில் சின்ன இதழ். பழைய தலைமுறைத் தேர்வுக்குழு உறுப்பினர் பெயரைக் கேட்டுவிட்டு 'எது, ஆன்லைன் ஜர்னலா?' என்று புருவம் உயர்த்தக்கூடும். ஓப்பன் ஆக்சஸ் என்றாலே காசு வாங்கிப் போடும் இதழ் என்று நினைப்பவர்கள் நம் துறைகளில் இன்னும் நிறைய. ஆய்விதழ்களைத் தேர்ந்து தொகுக்கும் ஸ்கோபஸ் பட்டியலில் இருக்கிறது என்று காட்டினால் அநேகமாக அடங்கிவிடுவார்கள்.

'பொலிட்டிகல் பிஹேவியர்' வேறு வகை. இதுவும் 1979-ல் பிறந்தது, ஸ்பிரிங்கர் வெளியிடுகிறது, அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் தேர்தல், மக்கள் கருத்து, வாக்களிப்பு நடத்தை பற்றிய பிரிவோடு இணைந்தது. இது முழுக்க அரசியல் அறிவியல் வீடு. இங்கே முப்பத்தைந்து நேர்காணலைக் கொண்டுபோய் வைத்தால் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் மாணவியின் அறுநூறு பேர் சர்வேயில் நிகராகுவா மாதிரி பட்டியல் கேள்வி இருந்து, பணம் கொடுக்கும் விதத்தைக் கதையாக மாற்றி மாற்றிச் சொல்லி யாருக்கு எந்தக் கதை என்று குலுக்கிப் போட்டிருந்தால், கதை மாறுகிறது. அப்போது அது ஒரு பரிசோதனை. அப்போதும் ஒரு பிரச்சினை இருக்கிறது: பட்டியல் முறை ஆட்களை விழுங்கும். பணம் வாங்கிய வரியை ஒரு பாதிப் பேரின் பட்டியலில் மட்டும் சேர்த்து, இரண்டு பாதியின் சராசரி வித்தியாசத்தைத்தான் பார்க்கிறார்கள். இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் முந்நூறு பேர்தான். அதில் வரும் மதிப்பீட்டின் பிழை எல்லை அகலமாக இருக்கும். ஆண் பெண், நகரம் கிராமம் என்று மேலும் பிரித்தால் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. ரிவ்யூவர் முதலில் கை வைக்கிற இடம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, கட்டுரை ஏற்கப்பட்டால் தரவையும் கணினிக் கட்டளைகளையும் ஹார்வர்டு டேட்டாவர்ஸ் களஞ்சியத்தில் போட வேண்டியிருக்கும். நம்மவர்கள் பலர் இதற்குத் தயங்குகிறார்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் மெனுவை அழுத்தி அழுத்தியே எல்லாம் செய்து, எதையும் எழுதி வைக்காதவர்களுக்கு இது நிஜமாகவே கஷ்டம். ஆனால் இந்தக் கட்டாயத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

2012-ல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் சயின்ஸ்' ஒரு கட்டுரை வெளியிட்டது. அரசியல் அறிவியலில் அதற்கு மேல் மதிப்புள்ள இதழ்கள் மிகச் சில. ஆளுமைப் பண்புக்கும் அரசியல் சாய்வுக்கும் உள்ள உறவைப் பற்றிய கட்டுரை. 2016-ல் திருத்தம் வந்தது: சாய்வைக் குறிக்கும் எண்கள் தலைகீழாகப் பதிவாகியிருந்தன. பழமைவாதிகளிடம் அதிகம் என்று சொன்ன பண்பு உண்மையில் தாராளவாதிகள் பக்கம் இருந்தது! தரவைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தவர்கள் இருந்ததால் தெரிய வந்தது. இன்னொன்று 2008-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் 46 பேருக்குப் பயமூட்டும் படங்களைக் காட்டி, திடீர்ச் சத்தம் கொடுத்து, தோலின் ஈரத்தையும் கண்சிமிட்டலையும் அளந்தார்கள். சட்டென்று அதிர்கிற உடம்புக்காரர்கள் ராணுவச் செலவையும் மரண தண்டனையையும் ஆதரிக்கிறார்கள் என்று முடிவு. பாடப்புத்தகம் வரை போன ஆய்வு. பெர்ட் பாக்கர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பெரிய மாதிரியில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த உறவு தென்படவில்லை. அதை எழுதி 'சயின்ஸு'க்கே அனுப்பினால், ரிவ்யூவுக்குக்கூட விடாமல் திருப்பிவிட்டார்கள். 2020-ல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' வெளியிட்டது. இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்கிற இம்பாக்ட் ஃபேக்டரை மட்டும் பார்த்து வரிசை போடுகிற நண்பர்களுக்கு இந்த இரண்டையும் நினைவூட்டுவது என் வழக்கம்.

நம் நாட்டு இதழ்களுக்கு வருவோம். 'சைக்காலஜி அண்ட் டெவலப்பிங் சொசைட்டீஸ்' 1989-ல் அலகாபாத்தில் துர்கானந்த் சின்ஹா தொடங்கியது, சேஜ் வெளியிடுகிறது, வருடத்துக்கு இரண்டு இதழ். மேற்கத்திய உளவியலை அப்படியே இறக்குமதி செய்யாமல் நம் சமூகங்களுக்கான உளவியலைத் தேட வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. செஞ்சோற்றுக் கடனை இங்கே யாருக்கும் தற்காப்போடு விளக்க வேண்டாம். ஆனால் நிகராகுவா, பராகுவே ஆய்வுகளைச் செய்தவர்கள் இந்த இதழை எடுத்துப் பார்ப்பார்களா என்றால், சந்தேகம்தான்.

'ஸ்டடீஸ் இன் இந்தியன் பாலிடிக்ஸ்' 2013 முதல் வருகிறது. டெல்லி சிஎஸ்டிஎஸ் நிறுவனத்தின் லோக்நீதி திட்டத்தோடு சேர்ந்தது. இந்தியத் தேர்தல்களைப் பல பத்தாண்டுகளாகச் சர்வே செய்கிறவர்கள் இருக்கும் கூடம். திருமங்கலத்தில் தொடங்கினால் இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உளவியல் கோட்பாட்டுப் பக்கங்களை மட்டும் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். கட்டுரையின் பலம் 'தமிழ்நாட்டுத் தேர்தல் இப்படி நடக்கிறது' என்பதாக இருந்தால் இதுதான் பொருத்தமான இடம். பலம் 'மனம் இப்படி வேலை செய்கிறது' என்பதாக இருந்தால் இங்கே அது வீணாகும்.

மற்ற இரண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1937-லிருந்து வரும் 'பப்ளிக் ஒபினியன் குவார்ட்டர்லி' கேள்வித்தாள் கலைக்கான கோயில். கொள்கை வேறுபாட்டைவிட எதிர்க்கட்சிக்காரர்மீதான வெறுப்புதான் அமெரிக்கர்களைப் பிரிக்கிறது என்ற, அரசியல் அறிவியல் அறிஞர் சாந்தோ ஐயங்கார் குழுவின் 2012 கட்டுரை இதில்தான் வந்தது. மாணவியின் புதுமை கேள்வி கேட்ட விதத்தில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். 2014-ல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் பொலிட்டிகல் சயின்ஸ்' பெயரே சொல்வது போலப் பரிசோதனைக்கு மட்டும்.

காசு, பட்டியல் ஆகிய உலகாயத விஷயங்கள். வைலியிலும் ஸ்பிரிங்கரிலும் கட்டுரையை ஓப்பன் ஆக்சஸில் போடத்தான் கட்டணம். சந்தா முறையில் போட்டால் எழுதுகிறவருக்குச் செலவில்லை. பலருக்கு இது தெரியாமலே 'அங்கெல்லாம் லட்சக்கணக்கில் கேட்பாங்க' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சந்தா முறையில் போட்டால் யார் படிப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்துவிட்டன. சுயநிதிக் கல்லூரி ஆசிரியர் இந்தக் கணக்கில் வரவில்லை. ரிவ்யூவுக்கு முந்தைய பிரதியை சைக்ஆர்க்கைவ் மாதிரி இலவச இணையக் களஞ்சியத்தில் போட்டுவைத்தால் அவருக்கும் கிடைக்கும். அனுப்பும் முன் அந்தந்த இதழின் விதியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யுஜிசி விஷயம் இன்னும் குழப்பம். பிஎச்.டி. ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் 2022 நவம்பர் விதிகளோடு போய்விட்டது. 2025 பிப்ரவரியில், ஏற்கத்தக்க இதழ்கள் எவை என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலையும் கைவிட்டார்கள். ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஒரு விதி வைத்திருக்கலாம், கைடு தனியாக இன்னொன்று வைத்திருக்கலாம். ஸ்கோபஸ் வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தால், 'மூன்று நாளில் ஸ்கோபஸ் கட்டுரை' என்று வாட்ஸ்அப்பில் வருகிற விளம்பரத்துக்கு மட்டும் பதில் எழுதாதீர்கள். இருக்கிற இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்கள் உண்டு. இதழின் பக்கத்துக்கு ஸ்கோபஸ் பட்டியலிலிருந்தே போங்கள், மெயிலில் வந்த சுட்டியிலிருந்து போகாதீர்கள்.

எனக்கு உதவிய ஒரு சின்ன உத்தி உண்டு. கட்டுரையின் கடைசிப் பக்கத்திலுள்ள மேற்கோள் பட்டியலை எடுத்து, எந்த இதழின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டு எண்ணுங்கள். நீங்கள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் அங்கே பதிவாகியிருக்கும். அனுப்ப நினைக்கிற இதழின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்றால், அந்த எடிட்டருக்கும் அதே சந்தேகம் வரும்.

சரி, நம் மாணவி என்ன செய்யலாம்? இருக்கிற நிலையில், அதாவது நேர்காணல் வலுவாகவும் சர்வே சுமாராகவும் இருக்கும்போது, நான் ஜேஎஸ்பிபிக்குத்தான் அனுப்பச் சொல்வேன். சர்வேயைத் துணைச் சான்றாகக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு வகைக் கடன் என்ற வாதத்தை மேலே ஏற்ற வேண்டும். 'முதலில் பெரிய இடத்துக்கு அனுப்பிப் பார்ப்போமே, போனால் போகட்டும்' என்று கைடு சொல்வார். ரிவ்யூ வரை போய்த் திரும்பினால் நாலு பக்கம் குறிப்பாவது கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்குப் போடுகிறவருக்கு நிரந்தர வேலை இருக்கிறது, மாணவிக்கு அடுத்த ஜூனோடு உதவித்தொகை முடிகிறது. ஜேஎஸ்பிபியிலிருந்து வேண்டாம் என்று வந்தால், அடுத்தது அலகாபாத் இதழ். 'பொலிட்டிகல் பிஹேவியர்' இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். இரண்டாயிரம் பேரிடம் குலுக்கிப் போட்டுச் செய்கிற பரிசோதனைக்குப் பணம் கிடைத்தால் அப்போது அது தனியாக இரண்டாவது கட்டுரை. அந்தக் கேள்வித்தாளில் 'கடன்' என்று ஒரு கேள்வி போதாது, இரண்டு வேண்டும். அந்தப் பாட்டி சொன்னதற்கு ஒன்று, உப்பைப் பற்றிக் கேட்டவருக்கு ஒன்று.